டேப்பெட்டைக் காதால் வைப்பவனுக்கு எத்தனை மார்க்?

பழங்காநத்தம் பட்டறை: "சி.ஐ.டி.எஸ். என்ற வாத்தியார் பயிற்சி முடிக்காதவர் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் வகுப்பெடுக்கக் கூடாது, பிராக்டிகலுக்கு மார்க் போடவும் கூடாது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பயிற்சிக்குக் கிண்டியில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டு வந்தால் கை பழகிவிடுமா? மாட்டுத்தாவணிப் பக்கம் வந்து பாருங்கள். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜைத் தொடாமல், காதால் கேட்டே டேப்பெட் வைப்பார்கள், அதாவது இன்ஜின் வால்வுக்கு விட வேண்டிய இடைவெளியைச் சரிசெய்வார்கள்.

மேலூர் வாத்தியார்: எழுதியது நான்தான். 'ஒருவர்' என்று எதற்கு மறைக்கிறீர்கள்? இடைவெளி கூடினால் கடகடவென்று சத்தம் வரும், சரி. குறைந்தால்? சத்தமே வராது. வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன், அதாவது உள்ளே இருக்க வேண்டிய அழுத்தம் போகும், கடைசியில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். வராத சத்தத்தை எந்தக் காது கேட்கும்?

பழங்காநத்தம் பட்டறை: மேனுவல் படித்தவர் வண்டியும் கடைசியில் என்னிடம்தான் வருகிறது. கருகிய வால்வு ஒன்றுகூட என் கணக்கில் இல்லை. காது என்றால் காதுதான்.

மேலூர் வாத்தியார்: பிராக்டிகலில் 60 சதவீதம் வந்தால்தான் தேர்ச்சி. பையன் எத்தனை மில்லிமீட்டர் வைத்தான் என்று அளந்து மார்க் போடலாம். காதுக்கு எப்படிப் போடுவது? "நன்றாகக் கேட்டான், பத்துக்கு எட்டு" என்றா?

உசிலம்பட்டி டீசல்: அண்ணே, இரண்டு வருடம் படித்தவன் சொல்கிறேன். எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள வண்டியில் இந்தச் செட்டிங்கே கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியும் வந்துவிட்டது. இந்த வண்டிகளின் பழுதைப் படிக்கும் கருவியான ஸ்கேனரை, நான் படித்த இடத்தில் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். வாத்தியார்களுக்கே முதலில் அதில் பயிற்சி வேண்டும். அதைப் பேசுங்களேன்.

பழங்காநத்தம் பட்டறை: தம்பி, நடுவில் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வராதே. அதற்குக் காது இருக்கிறதா?

உசிலம்பட்டி டீசல்: இன்ஜினுக்கே இருக்கிறது. உள்ளே தட்டும் சத்தத்தைப் பிடிக்கும் கருவி, நாக் சென்சார் என்று பெயர்.

பழங்காநத்தம் பட்டறை: என் காது அதற்கு முன்பே பிறந்தது.

திருமங்கலம் லாரி: முன்பு இங்கே நடந்த கார்பரேட்டர் சண்டையிலும் இதே கதைதான். அன்றைக்கு வாத்தியார் பாதியில் ஓடிவிட்டார்.

மேலூர் வாத்தியார்: ஓடவில்லை, அன்று தேர்வு வேலை. லாரிக்காரருக்கு இங்கே என்ன வேலை? பட்டறை அண்ணன் முதலில் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கிறாரா, டீயும் பன்னும்தானா என்று சொல்லட்டும்.

பழங்காநத்தம் பட்டறை: பன் கணக்குக் கேட்க நீங்கள் யார்? முதல் தேதியானால் சம்பளம் வருகிற கொழுப்பு. ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் என்னிடம் இருக்கிறான். பத்தொன்பது ஸ்பேனர் கேட்டால் பதினேழை நீட்டுகிறான். அவனுக்கு 60 போட்டது எந்தக் கேஜ்?