புங்கந்தளிரின் பச்சை போட்டோவில் வரமாட்டேன் என்கிறது

கண்மாய்க்கரை:
எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். ஸ்டடி லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற வழி, எதிரே சிறுமலை. விடியற்காலை நாலரைக்கே திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன். பத்து மணிக்கு மேல் எதுவும் மண்டையில் ஏறாது. அப்போது அரை மணி நேரம் போனோடு கண்மாய்க்கரைக்குப் போவேன்.

கரையில் வரிசையாக ஏழு புங்க மரம். மாசியில் மொட்டையாக நின்றவை பங்குனியில் தளிர்த்துவிட்டன. இலையைத் தொட்டால் எண்ணெய் தடவினாற்போல வழவழப்பு. வெயிலுக்கு நேரே பிடித்தால் நரம்பெல்லாம் தெரிகிறது. கீழே பூ உதிர்ந்து பொரி இறைத்ததுபோலக் கிடக்கிறது. ஆனால் படத்தில் இலை வெளிறிவிடுகிறது, அடிமரம் கரிக்கட்டை ஆகிவிடுகிறது, பின்னால் மலை இருப்பதே தெரியவில்லை. இன்னும் பத்து நாளில் இலை முற்றிவிடும், எனக்கும் பரீட்சை வந்துவிடும். என்ன செய்யலாம்?

பழைய ஸ்டுடியோ:
தம்பி, பத்து மணிக்கு எடுப்பதுதான் தப்பு. நம் பக்கம் சித்திரை பிறக்கும்போது நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வந்துவிடும். பத்து மணிக்கே நன்றாக ஏறியிருக்கும். வழவழப்பான இலை அந்த வெயிலைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கிறது. அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது.

ஆறரைக்குப் போங்கள். சூரியன் மரத்துக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வெளிச்சம் இலைக்குள் புகுந்து வரும், அந்தப் பச்சை அப்போதுதான் எரியும். சூரியனை மட்டும் ஒரு கிளைக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். திரையில் இலைமேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். அடிமரம் கருத்தால் கருக்கட்டும். இலை ஒருமுறை வெளுத்துவிட்டால் எந்த ஆப்பாலும் மீட்க முடியாது.

மலைச்சாரல்:
மலை மங்குவது காற்றிலுள்ள தூசியால். கோடைமழை ஒன்று பெய்து, மறுநாள் விடியலில் பாருங்கள், பாறை பாறையாகத் தெரியும். லென்ஸையும் பருத்தித் துணியால் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்டாலும் படம் புகைமூட்டமாகத்தான் வரும்.

கண்மாய்க்கரை:
அண்ணா, இன்று காலை 6.35க்கு எடுத்தேன். மூன்றாவது மரத்தின் கவட்டையில் சூரியனை மறைத்தேன். முதல் மூன்று படம் காற்றில் ஆடிப்போயின, நாலாவதில் வந்துவிட்டது. இலையின் நடுநரம்பும் ஓரத்தில் ஊர்ந்த ஒரு எறும்பும்கூடத் தெளிவு. அம்மாச்சியிடம் காட்டினேன். போனை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்த மரத்தில்தான் வயலுக்குத் தழை ஒடிப்பார்களாம்.

மலை இன்னும் வரவில்லை. இப்போது நத்தம் பக்கம் மின்னுகிறது. மழை பெய்தால் நாளைக்கு நாலு மணிக்கே படிக்க உட்கார்ந்துவிடுவேன், ஆறரைக்குக் கரையில் இருக்கவேண்டும்.