பழைய வண்டிக்கு எந்த ஆயில், எந்த கூலன்ட்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி, மாருதி 800 (1999)

"வண்டி பழசாயிடுச்சா? ஆயிலைக் கெட்டியா ஊத்து." வேலூரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. கத்திரி தொடங்குவதற்குள் நிறையப் பேர் ஆயில் மாற்றுவீர்கள் என்பதால் மீதிப் பாதியையும் எழுதுகிறேன். மற்றவர்களும் அவரவர் வண்டியில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

டப்பாவில் 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கும். முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. 20டபிள்யூ ஆயிலின் ஓட்டத்தை மைனஸ் 20 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட நமக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால் இருக்கும் எண்தான் நாம் பார்க்க வேண்டியது. 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது அதில் தெரியும். 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. இன்ஜின் தேய்ந்து பேரிங்கில் இடைவெளி கூடியிருந்தால் 50 கிரேடு பிரஷரைப் பிடித்து நிறுத்தும், சத்தமும் குறையும். தேயாத இன்ஜினில் அதே 50 காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வை இயக்கும் ராக்கருக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் கொஞ்சம் குறையும். ஆக, வண்டியின் வயதை வைத்து ஆயிலை முடிவு செய்யக் கூடாது. இன்ஜின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் வண்டி காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை தள்ளியது. ஒரு பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்காமல் "ரிங் போச்சு, போர் பண்ணணும், அதுவரைக்கும் 50 போட்டு ஓட்டுங்க" என்றார்கள். அதாவது இன்ஜினைப் பிரித்து சிலிண்டரைக் கடைய வேண்டுமாம். கொணவட்டத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் கூடவே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது புகை வந்தால் கோளாறு ரிங்கில், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையத்தில். ஸ்டார்ட் செய்யும்போதும், சரிவில் காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும்போதும் மட்டும் குப்பென்று வந்தால் வால்வு சீல், அதாவது வால்வு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர். என் வண்டிக்கு இரண்டாவது. சீலை மாற்றினோம். புத்தகத்தில் போட்டிருந்த கிரேடையே தொடர்ந்தோம். புகை நின்றுவிட்டது. 50 ஊற்றியிருந்தால் புகை கொஞ்சம் குறைந்திருக்கும், கோளாறு உள்ளேயே இருந்திருக்கும்.

ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) ஆயில் லைட் மினுக்கினாலும் உடனே கெட்டி ஆயிலுக்குத் தாவாதீர்கள். முதலில் கேஜ் போட்டு பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். சில நேரம் அந்த லைட்டின் சுவிட்சுதான் கெட்டிருக்கும்.

ராணிப்பேட்டை, டாடா இண்டிகா டீசல்

ஆயிலைப் பற்றிச் சார் சொன்னது சரி. ஆனால் நம் மாவட்டத்தில் பழைய வண்டிகளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். இதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

இந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் ரேடியேட்டரில் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதே, தண்ணீர் சூடாகும்போது அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டர் டியூபுக்குள்ளும் ஹெட்டைச் சுற்றியும் படிகிறது. உப்பு தன் பங்குக்கு அலுமினியத்தை அரிக்கும். ட்ரெய்ன் பிளக்கைத் திறந்ததும் செங்காவி நிறத்தில் கொட்டியது. டிஸ்டில்டு வாட்டர் விட்டு, தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும் அளவுக்குச் சூடாக்கி, ஆறவிட்டு, வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம். அதற்குப் பிறகுதான் கூலன்ட்.

கூலன்ட் உறைபனி ஊருக்குத்தானே, வேலூர் வெயிலுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதன் முதல் வேலை துருவைத் தடுப்பது. கொதிநிலையையும் கொஞ்சம் ஏற்றும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அதற்கு மேல் ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் தாங்குகிறது. 0.9 என்று அழுத்த அளவு போட்ட நல்ல மூடி கொதிநிலையை இன்னும் சுமார் 20 டிகிரி உயர்த்தும். அந்த மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் எவ்வளவு விலையுள்ள கூலன்ட் ஊற்றினாலும் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் கொதித்து வெளியே வரும். வண்டி ஹீட் ஆகிறது என்றால் ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கழற்றுகிறார்கள். மூடியை முதலில் பாருங்கள். எல்லாவற்றிலும் விலை குறைந்த சாமான் அதுதான்.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் கம்பெனி தன் இஷ்டத்துக்குக் கலக்கும் சாயம். பழைய வகையில் சிலிக்கேட் உண்டு, இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். ஆர்கானிக் ஆசிட் வகை கூடுதல் காலம் வரும். இரண்டையும் கலந்தால் துரு தடுக்கும் சக்தி குறையும், சில சமயம் கூழாகவும் திரளும். பித்தளை ரேடியேட்டரில் ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய வண்டிகளுக்கு அந்தப் பழைய பச்சை வகையே பொருத்தம். அவசரத்துக்கு டாப் அப் செய்ய டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் டிக்கியில் கிடக்கட்டும்.

வடித்த கூலன்ட்டைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

ஜோலார்பேட்டை, டாக்சி

நான் ஏலகிரிக்கு டிரிப் அடிக்கிறவன். பிரேக் ஆயில் பத்தி யாரும் பேசல, அதனால எழுதறேன்.

மலையில 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜினுக்குக் கஷ்டம், எறங்கும்போது பிரேக்குக்குக் கஷ்டம். போன சீசன்ல ஒரு குடும்பம் பழைய கார்ல எறங்கிக்கினு இருந்தாங்க. கீழ மூணாவது வளைவுகிட்ட ஓரமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வெச்சுக்கினு நின்னாங்க. பிரேக் பெடல் அடி வரைக்கும் போவுதாம். வீல்கிட்ட போனாலே கருகின வாசனை. மூடியத் தொறந்து பாத்தா பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பா இருக்குது. அவுங்க வாங்குனதுலேர்ந்து மாத்தவே இல்லையாம். ஓரமா நிறுத்தினாங்களே, அந்தப் புத்திதான் அவுங்கள காப்பாத்துச்சு.

நடந்தது என்னன்னா, பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். புதுசுல டாட் 3 (டப்பாவுல போட்டிருக்கற தர எண்) ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. தண்ணி சேந்துட்டா 140-லயே கொதிக்கலாம். டாட் 4-க்கு 230, 155. நிறுத்தாம பிரேக் மேலயே கால் வெச்சுக்கினு எறங்கினா அந்தச் சூடு வந்துடும். உள்ள ஆவி கட்டிக்கினு பெடல் சும்மா போவும். ஆறினதும் பெடல் திரும்ப வரும், அதனால பல பேரு விட்டுடறாங்க. அன்னைக்கு நல்லா ஆறவிட்டு, ரெண்டாவது கியர்லயே மெதுவா எறக்கி, அடிவாரத்துல மெக்கானிக்கக் கூப்ட்டுக் கொடுத்தோம். பழசு மொத்தத்தயும் எடுத்துட்டுப் புதுசு ஊத்தி, நாலு சக்கரத்து பிரேக் லைன்லயும் சிக்கின ஏர எடுத்தாரு.

டாட் 3 கேட்ட வண்டிக்கு டாட் 4 போடலாம். டாட் 5 போடவே கூடாது, அது சிலிக்கான், மத்ததோட சேராது. டாட் 5.1 வேற, அது கிளைக்கால். ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்திடுங்க. இன்னொண்ணு, ரோட்டோரக் கடையில ஒரு பையன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்ல இன்ஜின் ஆயில ஊத்தப் போனத நானே கையப் பிடிச்சுத் தடுத்திருக்கேன். அது உள்ள போனா ரப்பர் கப் எல்லாம் ஊதிப்போயி பிரேக் பிடிச்ச மானிக்கே நின்னுடும்.

சத்துவாச்சாரி, மாருதி 800

ஜோலார்பேட்டை தம்பிக்கு நன்றி. கிளட்ச் ஹைட்ராலிக்காக (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதாக) இருக்கும் வண்டிகளுக்கும் இதே கணக்குதான், அதற்கும் பிரேக் ஆயில்தான். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.

ஆற்காடு, அம்பாசடர்

எங்கள் வீட்டில் ஓடுவது பழைய பெட்ரோல் இன்ஜின் அம்பாசடர். 2014-இல் உற்பத்தியே நின்றுவிட்ட வண்டி என்பதால் கடைக்காரரிடம் கேட்டால் கையில் இருப்பதை எடுத்து நீட்டுகிறார். நாமேதான் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) தட்டையான டேப்பெட்டின் மேல் உரசி ஓடுகிறது. அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் இருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம். 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரத்திலிருந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்க, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டிவிட்டார்கள். 20டபிள்யூ-50-க்கு அந்தக் கட்டு கிடையாது. "புது டெக்னாலஜி சார், ஃபுல் சிந்தெடிக்" என்று மெல்லிய ஆயிலைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 மினரலே போதும், கிலோமீட்டர் தள்ளாமல் மாற்றினால் சரி.

கியர் ஆயிலில்தான் இன்னும் கவனம் வேண்டும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு தரம் உண்டு. 5 பெரிய எண், அதனால் உசத்தி என்று நினைத்து வாங்குகிறார்கள். அது பின் அச்சில் இருக்கும் ஹைபாய்ட் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களுக்கானது. பித்தளை சின்க்ரோ ரிங் (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) உள்ள கியர் பாக்ஸில் ஊற்றினால் அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கலாம். ரிங் வழுக்குவதால் கியர் கரகரவென்று விழும். கியர் பாக்ஸுக்குப் புத்தகம் சொன்னது, பின் அச்சுக்கு இபி 90 (கூடுதல் அழுத்தம் தாங்கும் கியர் ஆயில்). தனித்தனியாக வாங்குங்கள். வடிப்பதற்கு முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிப்போயிருந்தால் உள்ளே இருந்த ஆயிலையும் வடித்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது சாலையில் நின்ற தண்ணீரில் இறங்கி ஓட்ட வேண்டியிருந்தது. வீடு வந்ததும் முதல் வேலையாக டிஃபரன்ஷியல் ஆயிலைச் சொட்டவிட்டுப் பார்த்தோம். பால் நிறத்தில் வந்தது. சூடான அச்சு தண்ணீரில் பட்டென்று குளிரும்போது மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அன்றே மாற்றினோம். கிரீஸ் கன் பிடித்து எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே வரும்வரை அடித்தோம். வீல் பேரிங்கைக் கழற்றிக் கழுவி லித்தியம் கிரீஸ் வைத்தோம். மஞ்சள் நிறத்தில் மலிவாக விற்கும் கால்சியம் கிரீஸ் 100 டிகிரிக்குள்ளேயே உருகி வழியும், வீல் பேரிங்குக்கு ஆகாது.

பாகாயம், சான்ட்ரோ

பவர் ஸ்டீயரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. திருப்பும்போது முனகுகிறது என்றால் முதலில் லெவலைப் பாருங்கள். டேங்க் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். எல்லா வண்டிக்கும் ஒரே சிவப்பு ஆயில் என்று எங்களிடம் சொன்னார்கள், அது தப்பு.

எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப நாள் ஆயில் மாற்றாத வண்டியை வாங்கினால் ஃப்ளஷ் (கழுவும் திரவம் ஊற்றி இன்ஜின் உள்பக்கத்தைச் சுத்தம்) பண்ணலாமா? இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஏதாவது ஊற்ற வேண்டுமா?

சத்துவாச்சாரி, மாருதி 800

ஃப்ளஷ் வேண்டாம் மேடம். ரொம்ப நாள் படிந்த கசடு மொத்தமாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் ஜல்லடையை அடைத்தால் இன்ஜின் சீஸ் ஆகி இறுகிவிடும். சாதாரண ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, வழக்கத்தில் பாதி தூரத்திலேயே மறுபடி மாற்றுங்கள். கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக இருப்பதில் தப்பில்லை. மினுமினுவென்று உலோகத்தூள் தெரிந்தாலோ பால் நிறத்தில் இருந்தாலோ ஊற்றுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ட்ரெய்ன் பிளக்கின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

எத்தனாலுக்குக் கடையில் விற்கும் எந்த பாட்டிலையும் நம்ப வேண்டாம். 2023-க்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகளின் ரப்பர் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் வண்டியானால் பம்ப் டயாஃப்ரம், கேஸ்கெட் மூன்றையும் பாருங்கள். ஹோஸை விரலால் மடக்கும்போது வெடிப்புத் தெரிந்தாலோ பெட்ரோல் வாசனை வந்தாலோ மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே சேரும் ஈரமும் குறையும்.