தேர்ட் ஸ்ட்ரைக்ல பரி பழகுறது எப்பிடி? திருமலையில ஆராவது விளையாடுறீங்களா?

உவர்மலை_கென்:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, வேலை முடிஞ்சு வந்து ராவில கொஞ்ச நேரம் விளையாடுற ஆள், டோர்னமெண்ட் ஐடியா ஒண்டும் இல்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக், அந்த 1999 கேம், இப்ப ஃபைட்கேட்ல (பழைய கேமுகளை ஓன்லைன்ல விளையாடுற புரோகிராம்) தொடங்கியிருக்கிறன். சின்னனில கேம் கடையில டெக்கன் 3 விளையாடி வளந்த கை. அதில பட்டனை கண்டபடி அமத்தினாலும் ஏதாவது நடக்கும், இதில ஒண்டும் நடக்காது. ஹடோகன் (எறியிற பந்து), ஷோர்யூகன் (பாய்ஞ்சு மேல குத்துறது) எல்லாம் வருது, கம்ப்யூட்டரோட அடிபட்டு கடைசி பொஸ் கில் வரைக்கும் போறன், ஆனா ஓன்லைன்ல மனுசரோட எண்டா பரிதான் (வாற அடிய சரியான நேரத்தில தட்டி விலக்கிறது) பிரச்சினை. அடி படுற நேரம் முன்னுக்குத் தட்டோணும், கால் அடிக்குக் கீழ தட்டோணும் எண்டு தெரியும், தட்டினா ஒண்டில் முந்துது இல்லாட்டிப் பிந்துது, முன்னுக்குத் தட்டுற நேரம் புளொக்கும் இல்லாமப் போய் முழு கொம்போவும் விழுது. ஆனா இந்த கேம் எனக்கு நல்லாப் பிடிச்சிட்டு, ஆக்களின்ர அசைவு ஒவ்வொண்டும் கையால கீறினது, இண்டைக்கும் அதுமாதிரி ஒண்டு வரேல்ல, அதால விட மனமில்ல. பரிய முதல் பழகவா, பேசிக் முடிச்சிட்டுப் பழகவா? இப்ப விளையாடுற காரெக்டர் கென்னோட நிக்கவா டட்லிக்கு மாறவா? கீபோர்ட் காணுமா?

பழைய_ஆர்கேட்:
தம்பி பரிய கொஞ்ச நாளைக்கு மறந்திடுங்கோ. எல்லாரும் 2004 ஈவோ டோர்னமெண்ட் வீடியோவப் பாத்திட்டுத்தான் இதுக்குள்ள வாறது, டைகோ உமெஹாரா கென்னோட, ஜஸ்டின் வோங் சுன்-லியோட, சுன்-லியின்ர சூப்பரின்ர (மீட்டர் நிறைஞ்சா அடிக்கிற பெரிய அடி) 15 அடியையும் பரி பண்ணி கடைசி அடிய ஆகாயத்தில வச்சு எடுத்தது. ஆனா அந்த நேரம் டைகோவுக்கு உயிர் ஒரு துளிதான் மிச்சம். சூப்பரை புளொக் பண்ணினாலும் கொஞ்சம் கொஞ்சமா உயிர் குறையும், அப்ப புளொக் பண்ணினாலே ஆள் அவுட், பரிய விட அவருக்கு வேற வழியே இருக்கேல்ல. அதோட அந்த சூப்பரின்ர தாளம் அவருக்கு மனப்பாடம். கண்ணால பாத்து தட்டினதெண்டு நினைக்காதீங்கோ. (அந்த மட்ச் வெண்டாலும் ஃபைனல்ல கேஓ எண்ட ஆளின்ர யுன்னிட்ட தோத்தவர், அத ஒருத்தரும் கதைக்கிறேல்ல.) உங்களுக்கு இப்ப வேண்டியது புளொக், துரோ (பிடிச்சு எறியிறது), பிறகு கென்னின்ர மீடியம் பஞ்ச் – ஹெவி பஞ்ச், அது பட்டதெண்டு கண்டா மட்டும் சூப்பர் ஆர்ட் 3. புளொக் ஆனா சும்மா நில்லுங்கோ. இது கையில ஏறினாலே கன பேரை வெல்லலாம்.

நிலாவெளி_மகோட்டோ:
அண்ணா சொன்னதில முக்கால்வாசி சரி, ஆனா பரிய மறக்கச் சொன்னது எனக்கு ஒத்துவராது. பரி இல்லாம விளையாடினா அது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மாதிரிப் போயிடும், எதிராளி பரி பண்ணுவான் எண்ட பயத்தில தானே இதில ஆக்கள் ஹடோகனை சும்மா விடுறேல்ல. எல்லா அடியையும் பரி பண்ணப் பாக்காம, ஒரே ஒரு அடிய மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. முதல்ல பாய்ஞ்சு வாற அடி. நீங்க நிலத்தில நிக்கேக்க மேல இருந்து வாற அடிய முன்னுக்குத் தட்டித்தான் பரி பண்ணலாம், மேலயா கீழயா எண்ட யோசனையே தேவையில்ல. ட்ரெயினிங்ல டம்மிய பாய்ஞ்சு கிக் அடிக்க வச்சு ரெக்கோட் பண்ணிட்டு, கால் உங்கட தலைக்குக் கிட்ட வாற நேரம் ஒருக்காத் தட்டிட்டு விரலை எடுத்திடுங்கோ. பிடிச்சுக்கொண்டு நிண்டா வராது. விட்டு விட்டு படபடவெண்டு தட்டினாலும் வராது, ஒருக்காப் பிழைச்சா கொஞ்ச நேரத்துக்கு அடுத்த பரிக்கு கேம் விடாது. அதாலதான் நீங்க தட்டத் தட்ட விழுறீங்க.
டட்லி பிடிச்சிருந்தா டட்லிதான். டட்லியின்ர மெஷின் கன் புளோ பின்னால இருந்து முன்னுக்கு அரை வட்டம், கை பழகக் கொஞ்சம் நாள் எடுக்கும். ஆனா ரோசாப்பூ எறிஞ்சிட்டு பொக்சிங் அடிக்கிற ஒரு ஆளை விளையாடோணும் எண்டு ஆசை வந்தா அந்த ஆசைதான் உங்களை ராவில கதிரையில இருத்தும்.

மட்டுநகர்_லேக்:
கீபோர்ட் தாராளமாக் காணும், தட்டி எடுக்கிறது விசையில இன்னும் சுகம். நான் சொல்ல வாறது பிங், அதாவது நெட்டில சிக்னல் போய் வர எடுக்கிற நேரம் பற்றி. ஃபைட்கேட்டில ஓடுறது ரோல்பக், உங்கட பட்டன் உடன வேலை செய்யும், எதிராளி என்ன அமத்துவான் எண்டு கேம் ஊகிச்சு ஓட்டும், ஊகம் பிழைச்சா பின்னுக்குப் போய் திருத்தும். பிங் கூடினா எதிராளியின்ர அடியின்ர முதல் பகுதியே உங்களுக்குத் தெரியாது, திடீரெண்டு கை நீண்டு நிக்கும். செக்கனுக்கு 60 பிரேம் ஓடுற கேமில இது பெரிய விசயம். அதால தூர இடத்து ஆக்களோட விளையாடி எனக்குப் பரி வராது எண்டு முடிவெடுக்காதீங்கோ, 100 மில்லிசெக்கனுக்குக் கீழ பிங் உள்ள ஆளாப் பாருங்கோ, வைஃபைய விட்டிட்டு கேபிள் குத்துங்கோ.

உவர்மலை_கென்:
எல்லாருக்கும் நன்றி. டம்மிய பாய வச்சுப் பாத்தன், பரி விழுற அந்த நீல வெளிச்சமும் சத்தமும் வரேக்க தனிய இருந்து சிரிச்சன். மகோட்டோ அக்கா, பரி விழுந்தாப் பிறகு என்ன அடிக்கிறது? கை அப்பிடியே நிண்டுடுது.

நிலாவெளி_மகோட்டோ:
எல்லாருக்கும் அதுதான் நடக்கிறது. பரி விழும் விழாது, ரெண்டுக்கும் பொருந்துற ஒரு பட்டனை முன்கூட்டியே தீர்மானிச்சு வையுங்கோ. டட்லிக்கு எண்டா ஜெட் அப்பர், கென்னுக்கு ஷோர்யூகன். நான் ஞாயிறு பின்னேரம் டவுன் பக்கம் வருவன், என்ர தம்பியும் என்னோட வருவான், லப்டொப்பும் ரெண்டு பேடும் கொண்டு வாறம். டச்சு பே பக்கம் கரண்ட் உள்ள ஒரு கடை தெரிஞ்சா சொல்லுங்கோ, நேர்ல இருந்து விளையாடினா பிங் கதையே இல்ல.

பழைய_ஆர்கேட்:
ஞாயிறெண்டா நானும் வாறன். ஆனா முதல் மட்சில உவர்மலைத் தம்பி துரோவ எப்பிடி உடைக்கிறார் எண்டுதான் பாப்பன்.