ஸ்காபரோவில கயோட்டி பின்வளவுக்கே வருது, பூனைய இனி வெளிய விடலாமோ?

மல்லிகைப்பந்தல்:
வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் கனடாவில, ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில ஹைலண்ட் கிறீக் ஓடைக்குக் கிட்ட இருக்கிறம், பின்வேலி தாண்டினா பத்தையும் மரமும்தான். எங்கட பெட்டைப் பூனை குட்டியில இருந்தே வெளிய திரிஞ்சு பழகினது, பின்னேரம் போனா நல்லா இருட்டினாப் பிறகுதான் வந்து கதவைச் சுரண்டும். போன கிழமை விடியப்புறம் அப்பா தேத்தண்ணி போட எழும்பேக்க டெக்குக்கு (பின்கதவடி மரத்தளம்) கிட்ட ஒரு கயோட்டி, நரி மாதிரி இருக்கிற ஓநாய்ச் சாதிக் காட்டு மிருகம், மோப்பம் பிடிச்சுக்கொண்டு நிண்டதாம், கண்ணாடியில தட்டினவுடன ஓடக்கூட இல்லை, ஆறுதலா நடந்துபோய் வேலியால ஏறிக் குதிச்சிட்டுது. அடுத்த தெருவில ஒரு பூனையைக் காணேல்லையெண்டு போஸ்ற் எல்லாம் படம் ஒட்டியிருக்கினம். அம்மா என்னண்டா, ஊரில ஆர் பூனையை அடைச்சு வளர்த்தது, வாயில்லாச் சீவனை மறிச்சு வைக்கிறது பாவம் எண்டுறா. எனக்கு நித்திரையே வரேல்லை. உண்மையாவே கயோட்டி பூனையைப் பிடிக்குமோ, இல்லை சனம் கூட்டிக் கதைக்குதோ? சிற்றிக்கு (நகரசபைக்கு) போன் அடிச்சா வந்து பிடிச்சுக்கொண்டு போவினமோ?

றூஜ்கரை:
தங்கச்சி, பிடிக்கும். அதில சந்தேகமே வேண்டாம். ஆனா அதின்ர முக்கியமான சாப்பாடு பூனை எண்டு நினைக்கிறது பிழை. சிக்காகோவில 2000 இல இருந்து ஸ்ரான்லி கேர்ட் எண்ட ஆராய்ச்சியாளர் நகரத்துக் கயோட்டிகளைத்தான் பாத்துக்கொண்டு வாறார், அங்க எச்சத்தைக் கிண்டிப் பாத்ததில எலி வகையள்தான் கூட, பிறகு பழம், மான், முயல், பூனை நூற்றுக்கு ஒண்டு சொச்சத்திலதான் இருந்தது. ஆனா லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குள்ள இதே மாதிரிப் பாக்க நூற்றுக்கு 20 எச்சத்தில பூனை. அப்ப இடத்துக்கிடம் நல்லா மாறுது, எங்க பூனையளும் வெளிய வைக்கிற சாப்பாடும் கூடவோ அங்க அதுகள் அதைப் பழகிக்கொள்ளுது. இன்னொண்டு, அரிசோனாவில ரூசான் எண்ட ஊரில கயோட்டியும் பூனையும் நேருக்குநேர் சந்திச்சதை 36 தரம் கண்ணால பாத்து எழுதியிருக்கினம், அதில 19 தரம் பூனை செத்துப்போச்சு. என்ர பூனை கெட்டிக்காரி, மரத்தில ஏறிடும் எண்டு சொல்லுற ஆக்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்லுறனான், பாதிக்கு மேல தப்பேல்லை.

சிற்றி வந்து பிடிச்சுக்கொண்டு போகாது. ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, பிடிச்ச காட்டு மிருகத்தை ஒரு கிலோமீற்றருக்கு அங்கால கொண்டுபோய் விடேலாது, ஒரு கிலோமீற்றருக்குள்ள விட்டா அண்டைக்கு இரவே திரும்பி வந்திடும். சாக்காட்டினாலும் அந்த இடம் வெறுமையாக் கிடவாது, வேற ஒண்டு வந்து பிடிச்சுக்கொள்ளும். ஆனபடியா சிற்றியின்ர 311 நம்பருக்கு போன் அடிச்சு எங்க கண்டது, எப்பிடி நிண்டது எண்டு சொல்லுங்கோ, காயமோ சொறியோ இருந்தா அதையும் கட்டாயம் சொல்லுங்கோ. பகல்ல கண்டா விசர் பிடிச்சது எண்டு அர்த்தமில்லை, அதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கோ.

வன்னிமகன்:
நான் அம்மான்ர பக்கம்தான். பூனை எண்டா வெயில் காயவேணும், மண்ணைக் கிண்டவேணும், பூச்சி துரத்தவேணும். அப்பாட்மென்ற்ல அடைச்சு வச்சு உடம்பு பருத்து சலரோகம் வந்த பூனையளை நான் கண்டிருக்கிறன். எங்கட கடுவன் பூனை வெளிய போறவன், ஆனா மத்தியானத்தில மட்டும், நாங்கள் வளவில நிக்கேக்க மட்டும். விடியவும் பொழுதுபடவும் விடமாட்டம். ஒரேயடியா அடைக்கச் சொல்லுறதை என்னால ஏற்கேலாது, அதுவும் சீவன்தானே.

றூஜ்கரை:
வன்னிமகன் அண்ணை, நீங்கள் கூட நிக்கிறியள், அது பெரிய வித்தியாசம். இவவின்ர பூனை தனியத் திரியுது, அதுவும் இருட்டேக்க, ஓடைக்கரையில. நகரத்துக் கயோட்டி மனிசருக்குப் பயந்து நடமாட்டத்தை இரவுக்கு மாத்தி வச்சிருக்கு, அப்ப இந்தப் பூனை வெளிய போற நேரமும் அது வேட்டைக்கு வெளிக்கிடுற நேரமும் ஒண்டாத்தான் வருது. சித்திரை வைகாசியில குட்டி போடும், அதுக்குப் பிறகு கோடை முழுக்கத் தாயும் தகப்பனும் குட்டியளுக்குத் தீன் தேடி அலைவினம், அந்த மாதங்களில நான் எண்டா மத்தியானத்திலயும் தனிய விடமாட்டன். பருமன், வருத்தம் பற்றிச் சொன்னது சரிதான், அதுக்கு விளையாட்டுக் காட்டவேணும், சாப்பாட்டை அளந்து போடவேணும். டெக்கோட சேர்த்து வலைக்கம்பி அடிச்சு ஒரு கூடு செய்து விட்டா வெயிலும் காயும், குருவியும் பாக்கும். மேல்பக்கமும் மூடவேணும், ஆறடி வேலி கயோட்டிக்கு ஒரு தடையே இல்லை.

கோப்பாய்க்காரி:
ஒருத்தரும் கேக்காத ஒண்டை நான் கேக்கிறன், பிள்ளை குறை நினைக்காதேங்கோ. பின்வளவில சோறு வைக்கிறனீங்களோ? எங்கட ஆக்களின்ர வீடுகளில சனிக்கிழமை விரதம், அமாவாசை எண்டா காகத்துக்குச் சோறு வைக்காமல் அம்மாமார் சாப்பிடமாட்டினம், மிஞ்சின சோறு கறி, மீன் கழுவின தண்ணி, செதில் எல்லாம் வேலியோரம்தான் போகும். காகம் தின்னுறது கொஞ்சம், மிச்சத்துக்கு எலியும் றக்கூன் எண்ட காட்டு மிருகமும் வரும், எலிக்குப் பின்னால கயோட்டி வரும். டெக்குக்குக் கிட்ட மோப்பம் பிடிச்சுக்கொண்டு நிண்டதெண்டா அங்க ஏதோ இருக்கு. ரொறன்ரோவில 2023 ஏப்ரல்ல இருந்து சொந்த வளவுக்கையும் காட்டு மிருகத்துக்குச் சாப்பாடு வைக்கேலாது எண்டு சட்டமும் இருக்கு, குருவிக்குத் தூக்கிற கூட்டை மட்டும் விட்டிருக்கினம், அதின்ர கீழ கொட்டுறதையும் கூட்டி அள்ளவேணும். எங்கட மாமி முதல்ல சரியாக் கவலைப்பட்டவ, பிதிருக்குச் செய்யிற கடமை எல்லோ. இப்ப விரத நாள் படையலைக் கோயில்லயே குடுக்கிறா, மனம் ஆறியிட்டுது. மல்பெரி மரம், ஆப்பிள் மரம் நிண்டா விழுந்த பழத்தையும் பொறுக்குங்கோ, கயோட்டி பழமும் நல்லாத் தின்னும். பூனைச் சாப்பாட்டுக் கோப்பையை வெளிய வைக்கிறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. எலிக்கு நஞ்சு மட்டும் வைச்சிடாதேங்கோ, நஞ்சு தின்ன எலியை உங்கட பூனையும் பிடிக்கும், ஆந்தையும் பிடிக்கும்.

மல்லிகைப்பந்தல்:
கோப்பாய்க்காரி அக்கா, சனிக்கிழமைச் சோறு டெக் ஓரத்திலதான் வைக்கிறவா. இண்டைக்கு இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தா, பிறகு தானே போய்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்திட்டா. றூஜ்கரை அண்ணை, கூடு செய்ய ஆள் பாக்கிறம். ஆனா அதுவரைக்கும் என்ன செய்யிறது? பின்னேரம் ஆனாக் கதவடியில நிண்டு கத்துது, கேக்கவே ஏலாமக் கிடக்கு.

றூஜ்கரை:
பொழுதுபட முதல் ஒரு கால்மணித்தியாலம் குச்சியில இறகு கட்டி நல்லா ஓடவிட்டு விளையாடுங்கோ, களைச்சவுடன வயிறு முட்டச் சாப்பாடு குடுங்கோ. வேட்டையாடி, தின்னு, நக்கித் துடைச்சு, படுக்கிறதுதான் பூனையின்ர ஒழுங்கு, அதை வீட்டுக்குள்ள நடத்திவிட்டா கனக்கக் கத்தாது. கத்தேக்க ஒருநாளும் கதவு திறக்காதேங்கோ, ஒருக்கா திறந்தா அடுத்தநாள் இரண்டு மடங்கு கத்தும், அப்பாவுக்கும் சொல்லி வையுங்கோ. தோலுக்குக் கீழ வைக்கிற அடையாள மைக்குரோசிப் போட்டிருக்கோ? இல்லாட்டி மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோய்ப் போடுங்கோ, ரேபிஸ் ஊசியும் பாருங்கோ, மூண்டு மாதம் தாண்டின பூனைக்கு இஞ்ச அது கட்டாயம்.

அடுத்தமுறை வளவுக்கை கண்டா கண்ணாடியில தட்டிப்போட்டு நிக்காமல் கதவைத் திறந்து டெக்கில நிண்டு கையை உயர்த்திப் பெருஞ்சத்தம் போடுங்கோ, சட்டியைத் தட்டுங்கோ, குடையை விரிச்சு மூடுங்கோ. அது வளவைவிட்டு முழுசாப் போகுமட்டும் விடாதேங்கோ, பாதியில நிப்பாட்டினா நிண்டு பாக்கப் பழகிடும். முதுகு காட்டி மட்டும் ஓடக்கூடாது. அடுத்த தெருவில பூனை துலைச்ச ஆக்களிட்டயும் போய்க் கதையுங்கோ, கராஜ், ஷெட், டெக்குக்குக் கீழ எல்லாம் தேடச் சொல்லி, சிற்றி அனிமல் சேர்விசஸ்லயும் விசாரிக்கச் சொல்லுங்கோ. கயோட்டிதான் எண்டு ஒருத்தரும் கண்ணால காணேல்லைத்தானே.