விசித்திர ஓவியங்களிலிருந்து சூப்பர் ஹீரோ சக்திகளை உருவாக்குவது எப்படி?

பகடைப்பித்தன் கேட்டது:

வணக்கம். எங்கள் குழு அடுத்ததாக ஒரு சூப்பர் ஹீரோ கேம்பெய்னை, அதாவது பல அமர்வுகளில் தொடரும் ஆட்டக் கதையை, தொடங்கவிருக்கிறது. மியூட்டன்ட்ஸ் அண்டு மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற, கதாபாத்திரமேற்றுப் பகடையோடு ஆடும் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு விதிகளில் ஆடுவதாக முடிவாகியுள்ளது. கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொருவரும் தம் கதாபாத்திரத்தின் சக்தியை ஒரு படத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்காக, இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளின் பக்க ஓரங்களில் வரையப்பட்ட விசித்திரச் சித்திரங்களை அச்சிட்டு, அட்டைகளாக வெட்டி வைத்திருக்கிறேன். கவசமணிந்த வீரன் நத்தையோடு போரிடும் படமும், முயல்கள் வேடனைக் கட்டி இழுத்துச் செல்லும் படமும் அவற்றுள் அடங்கும்.

முன்னோட்டமாக இருவரிடம் அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தேன். நத்தைப் படத்தை எடுத்தவர், "கடினமான ஓடு இருப்பதால் எந்த அடியும் என்னைத் தாக்காது" என்றார். முயல் படத்தை எடுத்தவர், "வேகமாக ஓடுவேன், உயரமாகத் தாவுவேன்" என்றார். விலங்கின் பெயரை மட்டும் சொல்லியிருந்தாலும் இதே விடைகள்தாம் வந்திருக்கும். படத்திலுள்ள விசித்திரம் சக்திக்குள் வரவே இல்லை. ஆட்டக்காரர்களின் கற்பனையைக் கட்டிப்போடாமல், அதே சமயம் பறத்தல், பலம், நெருப்பு என்ற வழக்கமான தடத்துக்கு அவர்கள் திரும்பாமல் இருக்க, அட்டையைக் கொடுக்கும்போது நான் என்ன கேட்க வேண்டும்?

ஓரச்சித்திரம் எழுதியது:

படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நத்தைப் படங்களையே எடுத்துக்கொள்வோம். லிலியன் ராண்டல் என்ற ஆய்வாளர் 1962இல் எழுதிய கட்டுரையில், 29 கையெழுத்துப் பிரதிகளில் இத்தகைய காட்சிகள் சுமார் 70 இருப்பதாகக் காட்டினார். அவற்றுள் பெரும்பாலானவை 1290க்கும் 1310க்கும் இடைப்பட்டவை. நத்தை எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ஆட்டத்துக்கு அந்த இடைவெளிதான் நமக்குத் தேவை. பல படங்களில் வீரன் வாளை நழுவவிட்டிருப்பான். சிலவற்றில் நத்தையின் முன் மண்டியிட்டிருப்பான். நத்தையோ ஒன்றுமே செய்யாமல் கொம்புகளை நீட்டியபடி இருக்கும். இதைப் பார்த்துவிட்டு நத்தையின் ஓடு பற்றிப் பேசுவது வீண். "நான் எவ்வளவு மெதுவாக நெருங்குகிறேனோ, அவ்வளவுக்கு எதிரியின் கையிலுள்ள ஆயுதம் கனக்கும்" என்பது படத்திலிருந்து பிறந்த சக்தி. அந்தக் கதாபாத்திரம் ஓடினால் சக்தி போய்விடும் என்பதால், சண்டைக் களத்தில் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டியிருக்கும்.

முயல் படத்துக்கும் இதுவே பொருந்தும். அது ஸ்மித்ஃபீல்டு டெக்ரிட்டல்ஸ் என்ற பிரதியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஒன்பதாம் கிரெகரி போப்பின் திருச்சபைச் சட்டத் தொகுப்பை தென் பிரான்சில் எழுதி, 1340 வாக்கில் லண்டனில் சித்திரங்கள் சேர்த்த நூல் அது; இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதன் பக்கங்களின் அடியில் ஒரு கதையே தொடர்ந்து செல்கிறது: முயல் வேடன் மேல் அம்பு எய்கிறது, முயல்கள் அவனைக் கட்டுகின்றன, நீதிபதி முன் நிறுத்துகின்றன, கடைசியில் தலையை வெட்டுகின்றன. பின்னர் வேட்டை நாயையும் பிடித்து, விசாரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தூக்கிலிடுகின்றன. சட்ட நூலின் விளிம்பில் இப்படியொரு நீதிமன்றம் நடப்பதைக் கவனித்த ஆட்டக்காரர் தாவிக் குதிப்பதைப் பற்றி யோசிக்கவே மாட்டார். ஆகவே ஒற்றைப் படத்தைக் கொடுக்காமல், அந்தத் தொடரின் இரண்டு மூன்று காட்சிகளைச் சேர்த்து ஒரே அட்டையில் அச்சிடுங்கள்.

நான் கேட்கும் கேள்வி ஒன்றே: "நடக்கக் கூடாத எது இங்கே நடக்கிறது?" அதற்கான விடையை "நான்" என்று தொடங்கி ஒரு வினைச்சொல்லோடு முடியும் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

விதிநூல்வாசி எழுதியது:

ஓரச்சித்திரம் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த வாக்கியம் கதாபாத்திரத்தின் திறன்களை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் ஏறும்போதுதான் பெரும்பாலும் உயிர் போகிறது என்பதால், விதிகளின் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 1981இல் வந்த சாம்பியன்ஸ் ஆட்டம், சக்தியின் விளைவையும் அதன் தோற்றத்தையும் பிரித்துவைத்தது. தூரத்திலிருந்து தாக்குவது ஒரு விளைவு. அது நெருப்பா, ஒலியா, தேனீக் கூட்டமா என்பது ஆட்டக்காரரின் விருப்பம். நீங்கள் எடுத்திருக்கும் விதிநூலும் இந்த மரபில் வந்ததுதான். இதனால் எதை வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்ற சுதந்திரம் கிடைக்கிறது. ஆனால் அதே காரணத்தால் படம் வெறும் மேல்பூச்சாகவும் ஆகிவிடும்: முயல் நீதிமன்றம் என்று பெயர் வைத்துவிட்டு, பகடையை உருட்டும்போது சாதாரணத் தாக்குதலாக ஆடிவிடுவார்கள்.

இதைத் தடுக்கும் இடம், சக்தியின் மேல் வைக்கும் கட்டுப்பாடு. படத்தின் விசித்திரத்தை விளைவில் தேடாமல் கட்டுப்பாட்டில் எழுதுங்கள். முயல் அட்டைக்கு நான் இப்படி எழுதுவேன்: "என்னை வேட்டையாட முனைந்தவனை மட்டும் நான் கட்டிப்போட முடியும்." விதிப்படி இது அஃப்ளிக்‌ஷன் என்ற விளைவு. எதிரியின் அசைவு முதலில் தடைபடும், பிறகு முற்றிலும் நின்றுபோகும். எதிரி முதலில் தாக்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை லிமிடெட் என்ற குறைபாட்டில் சேரும். அதனால் சக்தியின் வலிமையை அளக்கும் ஒவ்வொரு ரேங்கின் விலையும் குறையும். கதாபாத்திரங்களின் வலிமைக்கு வரம்பாகும் பவர் லெவல் பத்தாக இருந்தால், கதாபாத்திரத்தை உருவாக்க ஒருவருக்கு 150 புள்ளிகள் கிடைப்பதால், இங்கே மிச்சமாவதை அவர் மற்றத் திறன்களில் செலவிடலாம். இந்த ஆட்டக்காரர் இனி எதிரிகளைச் சீண்டித் தம் மேல் பாய வைப்பார். கூட்டாளியைத் தாக்கும் வில்லனிடம் தம் சக்தி பலிக்காமல் தவிப்பார். இரண்டுமே படத்தில் இருப்பவை.

ஒரு சக்தியை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துப் பயன்படுத்தும் வழக்கத்துக்கும் இடம் கொடுங்கள். 1984இல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட மார்வெல் சூப்பர் ஹீரோஸ் ஆட்டத்தில் கர்மா என்னும் புள்ளிகளைச் செலவிட்டுப் புதிய பிரயோகங்களை முயலலாம். பல தடவை முயன்றால் அது கதாபாத்திரத்துக்குக் கைவந்துவிடும். உங்கள் விதிநூலில் அதே வேலையைக் கூடுதல் முயற்சி என்ற விதி செய்கிறது. அதற்கு விலையாகக் களைப்பு வரும். ஹீரோ பாயிண்ட் ஒன்றைக் கொடுத்து அதைப் போக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு புதிய பிரயோகத்தின்போதும் அட்டையை மேசையில் வைத்து, அது படத்தின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

கலைந்தசீட்டு எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அட்டையை எடுத்தவரே அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மனிதர் தமக்குப் பிடித்த சக்தியை முன்பே மனத்தில் வைத்துக்கொண்டு வருவார். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அதைத்தான் அதில் காண்பார்.

டிக்ஸிட் ஆட்டத்தை நீங்கள் ஆடியிருப்பீர்கள். ழான்-லூயி ரூபிரா வடிவமைத்து 2008இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில், தம் கையிலுள்ள கனவு போன்ற படத்துக்கு ஒருவர் ஒரு குறிப்புச் சொல்வார். மற்றவர்கள் அந்தப் படம் எதுவென்று ஊகிப்பார்கள். எல்லோரும் கண்டுபிடித்துவிட்டாலும், ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் குறிப்புச் சொன்னவருக்குப் புள்ளி இல்லை. சிலர் மட்டும் கண்டுபிடித்தால்தான் மூன்று புள்ளிகள். அதே அளவுகோலை இங்கே வையுங்கள். அட்டை நடுவில் இருக்கட்டும்; உரியவரைத் தவிர மற்றவர்கள் ஆளுக்கொரு சக்தியைத் தனித்தனியே சீட்டில் எழுதட்டும். இருவர் ஒன்றையே எழுதினால் அதைத் தள்ளிவிடுங்கள், ஏனெனில் அது யாருக்கும் முதலில் தோன்றுவது. எஞ்சியவற்றுள் ஒன்றை உரியவர் எடுத்துக்கொள்ளட்டும்.

பகடையையும் சேர்த்தால் இன்னும் நல்லது. 1979இன் வில்லன்ஸ் அண்டு விஜிலன்டீஸ் ஆட்டத்தில் சக்திகள் பகடை உருட்டித்தான் வந்தன. மியூட்டன்ட்ஸ் அண்டு மாஸ்டர்மைண்ட்ஸை உருவாக்கிய ஸ்டீவ் கென்சனே 2010இல் வெளியிட்ட ஐகான்ஸ் ஆட்டத்தில் அந்த முறையை மீண்டும் கொண்டுவந்தார். முதலில் விளைவைப் பகடையால் தீர்மானித்துவிட்டு, பிறகு படத்தை எடுக்கச் சொல்லுங்கள். பகடையில் பனியும் அட்டையில் முயல் நீதிமன்றமும் வந்தால், குற்றச்சாட்டை உரக்கப் படித்து முடிக்கும்வரை எதிரி உறைந்து நிற்பான் என்ற சக்தி தானாக உருவாகும். அதைத் தனியாக உட்கார்ந்து யாரும் யோசித்திருக்க முடியாது.

பகடைப்பித்தன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சீட்டில் எழுதும் முறையை நேற்றே முயன்றோம். இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்டோ 1570 வாக்கில் வரைந்த, ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்திலுள்ள சமையற்காரன் ஓவியத்தையும் அட்டைகளோடு சேர்த்திருந்தேன். நேராகப் பார்த்தால் தட்டில் வறுத்த பன்றிக்குட்டியும் பிற இறைச்சியும் இருக்கும், இரு கைகள் மூடியைப் பிடித்திருக்கும். தலைகீழாகத் திருப்பினால் தட்டு தொப்பியாகி, இறைச்சி ஒரு முரட்டு மனிதனின் முகமாகிவிடும். தாராசுரத்தின் ரிஷப குஞ்சரச் சிற்பத்தில் ஒரே தலை காளைக்கும் யானைக்கும் பொருந்துவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த வித்தை உடனே புரியும். எங்கள் குழுவில் ஒருவர் தேர்ந்தெடுத்த சக்தி இது: "நான் தலைகீழாகத் தொங்கியபடி ஒரு பொருளைப் பார்த்தால் அதற்கு முகம் தோன்றும், அந்த முகத்திடம் கேள்வி கேட்பேன்." எல்லோருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் விஷம் வைத்த உணவிடமே கொலைகாரன் யார் என்று கேட்டுவிட்டால், நான் எழுதி வைத்திருக்கும் துப்பறியும் கதை முதல் செஷனிலேயே முடிந்துவிடுமே?

விதிநூல்வாசி எழுதியது:

முடியாது. முகம் பேசலாம், ஆனால் எதன் அறிவைக் கொண்டு பேசுகிறது என்பதை நீங்கள்தான் வரையறுக்க வேண்டும். பன்றிக்குட்டிக்கு மனிதர்களின் பெயர் தெரியாது. அடுப்பின் சூடும், தன் மேல் தூவிய கையில் இருந்த மணமும், மூடி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதும் அதற்குத் தெரியும். பொருளைத் தொட்டவை, பொருளுக்கு நேர்ந்தவை ஆகியவற்றை மட்டும் அது சொல்லும் என்று ஷீட்டில் எழுதிவிடுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் தம்மைத் தற்காத்துக்கொள்ள முடியாது என்பதையும் சேருங்கள்; அந்த நேரத்தில் காவலுக்கு நிற்கும் வேலை மற்றக் கதாபாத்திரங்களுக்குக் கிடைக்கும். கொலைகாரன் கையுறை அணிந்திருந்தான், அதில் கிராம்பு வாசனை இருந்தது என்று முகம் சொன்னால், உங்கள் துப்பறியும் கதை அங்கிருந்துதான் தொடங்கும்.