ஸ்கீ போல் ஸ்ட்ராப் தானா கழண்டுக்கிற மாடல் வாங்கினா கட்டைவிரல் தப்பிக்குமா?

வெண்பனி_நிலா:

எல்லாருக்கும் வணக்கம். மூணு சீசனா ஸ்கீ பண்றேன், ப்ளூ ரன்ல (சுலபமான சரிவு) பயமில்லாம எறங்குவேன், அதை விடக் கஷ்டமான ரெட் இப்பதான் பழகிட்டு இருக்கேன். போன வாரம் அன்னிக்கு கடைசி ரன், காலெல்லாம் ஓஞ்சு போயிருந்துச்சு, லிஃப்டுக்குப் பக்கத்துல கிட்டத்தட்ட சமதளமா இருக்கிற எடத்துல ஸ்கீயோட எட்ஜ் (ஓர விளிம்பு) பனியில மாட்டி வலது பக்கமா சாஞ்சுட்டேன். வேகமே கிடையாது. விழும்போது கை தானா முன்னாடி போய் ஊனிருச்சு, கம்பு (போல்) கையிலயே இருந்துச்சு, ஸ்ட்ராப் மணிக்கட்டுல இறுக்கி மாட்டியிருந்ததால அது எங்கயும் போகல, கட்டைவிரலை மட்டும் யாரோ வெளிப்பக்கமா பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு. அப்ப பெருசா வலிக்கல. ரூமுக்கு வந்து கிளவுஸ் கழட்டும்போதுதான் விரலோட அடிப்பக்கம் உப்பியிருந்தது தெரிஞ்சுது. நாலு நாள் ஆச்சு, இன்னும் பாட்டில் மூடி திறக்க முடியல, சாவி திருப்பினா சுரீர்னு இழுக்குது.

கூட வந்த ஒருத்தர் லெக்கி கம்பெனியோட ட்ரிகர் மாதிரி ஸ்ட்ராப் தானா விட்டுக்கொடுக்கிற போல்ஸ் வாங்கு, இந்தப் பிரச்சனையே வராதுன்னு சொல்றார். இன்னொருத்தர் ஸ்ட்ராப்பே வேண்டாம், கழட்டிப் போடுன்னு சொல்றார். உண்மையில எது சரி? நடு ரன்ல தானா கழண்டு விழுந்துட்டா என்ன பண்றது? அதுக்குன்னு தனி கிளவுஸ் வாங்கணுமா? அப்புறம் என் உயரம் 168 செமீ, இப்ப வச்சிருக்கிறது இரவல் வாங்கின 125 செமீ கம்பு, அது சரியான சைஸானும் தெரியல. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பிசியோ_கயல்:

நிலா, போல்ஸ் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒரு டாக்டர்கிட்ட கையைக் காட்டுங்க. நாளைக்கே போங்க. நீங்க சொல்றது அப்படியே ஸ்கீயர்ஸ் தம்ப் மாதிரி இருக்கு. கட்டைவிரலோட அடி மூட்டுல, ஆள்காட்டி விரலைப் பாத்த பக்கம் ஒரு லிகமெண்ட் (எலும்புகளை இணைக்கிற நார்) இருக்கு, எதையாவது கிள்ளிப் பிடிக்கும்போது விரல் வெளிய சாயாம அதுதான் தாங்குது. விரலை வெளிப்பக்கமா பலமா இழுத்தா அது கொஞ்சமாவும் கிழியலாம், முழுசாவும் அறுந்து போகலாம். ஸ்கீயிங்ல முட்டிக்கு அடுத்தபடியா ரொம்ப வர்ற அடிகள்ல இது ஒண்ணு.

நான் அவசரப்படுத்துறதுக்குக் காரணம் இருக்கு. முழுசா அறுந்த லிகமெண்டோட முனை சில சமயம் பக்கத்துல இருக்கிற தசையோட தட்டையான நார்ப்பட்டைக்கு மேல ஏறி உக்காந்துக்கும், ஸ்டெனர்னு ஒரு டாக்டர் 1962ல எழுதினதால ஸ்டெனர் லீஷன்னு பேரு. அப்படி ஆயிட்டா ரெண்டு முனைக்கும் நடுவுல அந்தப் பட்டை தடுப்பு மாதிரி நிக்கும், எத்தனை மாசம் கட்டு போட்டாலும் ஒட்டாது, ஆபரேஷன்தான். கொஞ்சமா கிழிஞ்சதுன்னா பெரும்பாலும் நாலுலேர்ந்து ஆறு வாரம் ஸ்பிளிண்ட் (அசையாம தாங்குற கட்டு) போட்டு விரலை அசைக்காம வச்சிருந்தா சரியாகும். ரெண்டும் வெளிய பாக்க ஒரே மாதிரி வீக்கம்தான், அதனால வீட்டுல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. சுளுக்குதானேன்னு நினைச்சு இழுத்து விடுறது, எவ்வளவு ஆடுதுன்னு நீங்களே வளைச்சுப் பாக்குறது ரெண்டும் தயவுசெஞ்சு வேண்டாம், பாதி கிழிஞ்சது முழுசாப் போயிடும்.

உங்க கேள்விக்கு என் பக்கத்துலேர்ந்து ஒரு பதில். ஸ்ட்ராப் கழண்டா மட்டும் விரல் தப்பிச்சுடாது. ஸ்ட்ராப்பே போடாம விழுந்தவங்களுக்கும் இதே அடியை நான் பாத்திருக்கேன். கம்போட கிரிப்பை (கைப்பிடியை) இறுக்கிப் பிடிச்சபடியே கையை ஊனினா, கம்பு உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவுல ஒரு நெம்புகோல் மாதிரி நிக்குது, உடம்போட மொத்த பாரமும் அது மேல எறங்குது. விழப்போறோம்னு தெரிஞ்ச அந்த நொடியில கம்பைக் கைவிடணும். ஸ்ட்ராப் கழண்டுக்கிற மாடலோட வேலை என்னன்னா, நீங்க கைவிட்ட கம்பு மணிக்கட்டுல தொங்கிக்கிட்டே வந்து உங்க கைக்கு அடியில திரும்ப மாட்டாம பாத்துக்கிறது.

ரெண்டாவது_ரன்:

கயல் சொன்னது நூத்துக்கு நூறு. கம்பு பத்தி நான் சொல்றேன், பத்து வருஷத்துக்கு மேல ட்ரிகர் வகைதான் யூஸ் பண்றேன்.

சாதாரண ஸ்ட்ராப்ல கையை வளையத்துக்குள்ள கீழேர்ந்து மேல விட்டு, அப்புறம் ஸ்ட்ராப்பையும் கிரிப்பையும் சேத்துப் பிடிக்கணும், அதுதான் முறை. அப்படிப் போட்டா கம்பு உங்ககிட்டேர்ந்து போகவே போகாது, விழும்போதும் போகாது. ட்ரிகர்ல மணிக்கட்டைச் சுத்தி கம்போட இணைஞ்ச வளையமே கிடையாது. கிளவுஸ்ல கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு சின்ன கயிறு வளையம் தைச்சிருக்கும், அதை கிரிப்போட தலையில இருக்கிற காடியில (சின்னப் பள்ளத்துல) சொருகினா க்ளிக்னு மாட்டிக்கும். கழட்டணும்னா மேல இருக்கிற பட்டனை அழுத்தினா போதும். விழும்போது வளையம் மேல் பக்கமா ஒரு அளவுக்கு மேல இழுபட்டா உள்ள இருக்கிற ஸ்பிரிங் விட்டுக்கொடுத்துடும், கம்பு தனியாப் போயிடும். புது மாடலான ட்ரிகர் 3டி மேல் பக்கம் மட்டும் இல்லாம பக்கவாட்டு இழுப்புக்கும் கழளும். நாம விழுறது எப்பவும் நேரா இருக்கப் போறதில்லையே, அதனால வாங்கினா அதையே வாங்குங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

நடு ரன்ல கழண்டுக்குமாங்கிற பயம் எனக்கும் இருந்துச்சு. கம்பை ஊனும்போது நம்ம பாரம் கீழ் நோக்கிப் போகுது, அந்த திசையில அது கழளாது. தள்ளிட்டுப் போகும்போதும் கழளாது. விழாம நல்லாப் போயிட்டு இருந்த ரன்ல எனக்கு இதுவரைக்கும் ரெண்டு தடவைதான் தானா வந்திருக்கு, ரெண்டு தடவையும் க்ளிக் சத்தம் கேக்காம நான் அரைகுறையா சொருகினதுதான். சொருகின உடனே கம்பை லேசா ஒரு குலுக்கு குலுக்கிப் பாக்குற பழக்கம் வந்தப்புறம் அதுவும் இல்ல.

கிளவுஸ் விஷயம். தனியா ஒரு பட்டை வருது, கையில மாட்டி வெல்க்ரோ ஒட்டிக்கிற மாதிரி, அதுலயும் அதே வளையம் இருக்கும். உங்க பழைய கிளவுஸ் மேலயே போட்டுக்கலாம். ஆரம்பத்துல அதை வாங்குங்க, ஏன்னா கிளவுஸ்ல தைச்ச வளையம் தேய்ஞ்சு போச்சுன்னா நல்லா இருக்கிற கிளவுஸையே மாத்த வேண்டி வரும், பட்டைன்னா பட்டையை மட்டும் மாத்தினா போச்சு. ஆனா கடைக்குப் போகும்போது நீங்க போடுற கிளவுஸை எடுத்துட்டுப் போய் அதுக்கு மேலயே போட்டுப் பாருங்க. இடது வலது வேற வேற, சைஸும் இருக்கு. தொளதொளன்னு இருந்தா ஊனுற பலம் கம்புக்குப் போகாது, இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு விரல் நுனி மரத்துப் போகும். வேற வேற வருஷத்து கிரிப்பும் வளையமும் கலந்து வாங்கினா, அங்கயே மாட்டி இழுத்துப் பாத்துட்டு வாங்குங்க.

உங்க 125 பெருசு. உயரத்தை 0.7ஆல பெருக்குங்க, 168க்கு 117.6 வருது, 115 இல்லன்னா 120தான் உங்க சைஸ். ஷூ போட்டு நின்னு, கம்பைத் தலைகீழாத் திருப்பி பாஸ்கெட்டுக்கு (நுனிக்கிட்ட இருக்கிற வட்டத் தட்டு) கீழ பிடிங்க, முழங்கை 90 டிகிரில நின்னா சரி. நீளக் கம்பு வச்சிருந்தா கை நெஞ்சு உயரத்துக்கு ஏறும், உடம்பு பின்னாடி சாயும், அந்த சாய்வுலதான் பாதி விழுகையே. நீங்க விழுந்ததுல அந்தக் கம்புக்கும் பங்கு இருக்கும்னு எனக்குத் தோணுது.

கார்பனா அலுமினியமான்னு அடுத்து கேப்பீங்க. எட் ஸ்காட் 1958ல கொண்டு வந்த அலுமினியக் கம்பு இன்னிக்கும் நிக்குதுன்னா காரணம், அது வளையும், கொஞ்சம் நிமித்தி அன்னிக்கு பொழுதை ஓட்டிடலாம். கார்பன் லேசு, ஆனா ஸ்கீ எட்ஜ் பட்டு ஆழமா கீறல் விழுந்தா அந்த எடத்துல ஒருநாள் படக்னு உடையும். கத்துக்கிற காலத்துல அலுமினியம் போதும்.

மரத்தடி_பவுடர்:

நான் ஓரமா ஒண்ணு சேத்துக்கிறேன், ஏன்னா எனக்கு அடி பட்டது விரல்ல இல்ல, தோள்ல. மரங்களுக்கு நடுவுல நல்ல பவுடர் (மெத்துனு புதுப் பனி), முன்னாடி போனவங்க தடத்தையே பிடிச்சு எறங்கிட்டு இருந்தேன், பனிக்கு அடியில மறைஞ்சிருந்த ஒரு கிளையில இடது கம்போட பாஸ்கெட் போய் மாட்டிக்கிச்சு. உடம்பு கீழ போயிட்டே இருக்கு, கை பின்னாடியே நிக்குது, சாதா ஸ்ட்ராப் விடவே இல்ல. தோள் மூட்டு எறங்கிருச்சு. அந்த டக்னு வந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. கழண்டுக்கிற சிஸ்டத்தோட முழு அருமையும் இந்த மாதிரி எடத்துலதான் தெரியும், விரலை விட தோளுக்கும் மணிக்கட்டுக்கும்தான் அது பெரிய காவல்னு நான் நினைக்கிறேன்.

அப்படியும் மரங்களுக்குள்ள போனா நான் எதையும் மாட்டுறதில்ல, ட்ரிகரையும் கழட்டிடுவேன். ஸ்பிரிங் எந்தக் கோணத்துல இழுத்தா விடும்னு நம்பி தோளைப் பணயம் வைக்க மனசு வரல. பனிச்சரிவு வரக்கூடிய சரிவுகள்லயும் ஸ்ட்ராப் கூடவே கூடாது, கம்பு நங்கூரம் மாதிரி நம்மளக் கீழ இழுக்கும், கையை முகத்துக்குக் கொண்டு வந்து மூச்சுக்கு எடம் பண்ணவும் விடாது. சேர்லிஃப்ட்ல ஏறுறதுக்கு முன்னாடியும் கழட்டிடணும், ரெண்டு கம்பையும் ஒரே கையில. பட்டன் ஒரு அழுத்துல விடுறதால ட்ரிகர்ல இது ரொம்ப சுலபம், சாதா ஸ்ட்ராப்ல கடைசி நிமிஷத்துல தடுமாறுறவங்கள வரிசையில தினமும் பாக்கலாம்.

இதுக்கு ஒரு விலையும் இருக்கு. செங்குத்தான பவுடர்ல விழுந்து கம்பு கழண்டுச்சுன்னா அது மேலயே நிக்கும், நீங்க முப்பது மீட்டர் கீழ இருப்பீங்க. ஏறிப் போய்த்தான் எடுக்கணும், சில சமயம் பனிக்குள்ள பொதைஞ்சு அரை மணி நேரம் தேட விடும். பளிச்னு கலர் இருக்கிற கம்பா வாங்குங்க, வெள்ளை வேண்டவே வேண்டாம். குரூம் பண்ண (மெஷினால சமன் பண்ண) ரன்ல மட்டும் போறவங்களுக்கு சின்ன பாஸ்கெட் போதும், பெருசு பவுடருக்கு.

வெண்பனி_நிலா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கயல் அக்கா, நீங்க சொன்ன மறுநாளே போயிட்டேன். எக்ஸ்ரேல எலும்பு ஓகே, ஸ்கேன்ல லிகமெண்ட் பாதி கிழிஞ்சிருக்கு, முழுசா அறுகலன்னு சொல்லி கட்டைவிரலோட மணிக்கட்டையும் சேத்து ஸ்பிளிண்ட் போட்டிருக்காங்க, ஆறு வாரம். இன்னும் ரெண்டு வாரம் அப்படியே விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சாலே பயமா இருக்கு.

கடையில போய் 120ம் 115ம் ரெண்டையும் தலைகீழாப் பிடிச்சுப் பாத்தேன், 115தான் முழங்கை சரியா நிக்குது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்தக் காடிக்குள்ள பனி போய் உறைஞ்சா வளையம் மாட்டுமா? அதை விட முக்கியமா, உறைஞ்சு போய் கழளாம நின்னுட்டா?

ரெண்டாவது_ரன்:

நல்ல கேள்வி, வாங்குறவங்க நிறைய பேர் இதை யோசிக்கிறதே இல்ல. கம்பைப் பனியில படுக்கப் போடும்போதுதான் காடிக்குள்ள பனி போகும், அதனால நிக்க வைங்க. போயிடுச்சுன்னா கிரிப்பைத் தலைகீழாப் பிடிச்சு உள்ளங்கையில தட்டுங்க, பட்டனை நாலஞ்சு தடவை அழுத்தி விடுங்க, வந்துரும். வாயால ஊதாதீங்க, மூச்சு ஈரம் உள்ள போய் அது ஐஸாகும், அப்புறம் இன்னும் மோசம். சாயங்காலம் உள்ள கொண்டு வந்து காய வைங்க.

கழளுதான்னு பாக்க ஒவ்வொரு நாளும் காலையில முதல் ரனுக்கு முன்னாடி நான் பண்றது இது: மாட்டிட்டு இன்னொரு கையால கம்போட தண்டைப் பிடிச்சுக்கிட்டு, மாட்டின கையை விரிச்சபடி மேல வெடுக்னு இழுப்பேன். விடணும். அப்புறம் மறுபடி மாட்டி கீழ அழுத்துவேன், விடக்கூடாது. ரெண்டு கைக்கும் பத்து வினாடி. அப்படியே வளையத்தோட நூல் பிரிஞ்சிருக்கான்னும் ஒரு பார்வை.

உங்க விஷயத்துல இடது கையில மட்டும் இப்ப செஞ்சு பாருங்க, வலது கை ஸ்பிளிண்ட் எடுத்து டாக்டர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான். வெடுக்னு இழுக்கிறதும் அந்த விரலுக்கு இழுப்புதானே.

பிசியோ_கயல்:

ஆமா, வலது கையை அதுவரைக்கும் தொடாதீங்க. ஆனா ஒண்ணு இப்பவே ஆரம்பிக்கலாம். வீட்டுல மெத்தை மேல மண்டி போட்டு நின்னு, இடது கையில ஒரு குச்சியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா பக்கமா சாஞ்சு, சாயும்போதே விரலை விரிச்சு குச்சியை விடுங்க, வெறும் கையையும் ஊனாம முன்கையும் தோளும் படுற மாதிரி உருளுங்க. ஒரு நாளைக்கு இருபது தடவை. கை இறுகிறது மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடியே நடந்துடுற விஷயம், அதனால சும்மா ஞாபகம் வச்சுக்கிட்டா வராது, செஞ்சு செஞ்சுதான் வரும். ஸ்பிளிண்ட் எடுத்தப்புறம் வலது பக்கமும் இதே மாதிரி, முதல்ல குச்சி இல்லாம.