பூக்கல் பட்டறையில் எதை எவ்வளவு இருப்பு வைக்கலாம்?

கேள்வி: ஆத்தங்குடிக் கல் என்கிற பூப்போட்ட தரைக்கல் செய்கிறோம். விலை படியுதேன்னு சிமெண்டை லோடாக இறக்கினால் ஐப்பசி மழையில் மூட்டை கட்டிப்போகுது. குறைத்து வாங்கினால் நிறத்துக்குச் சேர்க்கும் காவிப்பொடி பாதியில் தீர்ந்து, அடுத்து வருவது நிறம் சேரலை. இப்போது சென்னை வீட்டுக்கு 1,500 சதுர அடி, பத்துக்குப் பத்து அங்குலம். என்ன கணக்கு வைக்கலாம், எத்தனை நாளில் கல்லைத் தருவதாகச் சொல்லலாம்?

பதில் 1: அண்ணே, சிமெண்டுக்கும் காவிக்கும் ஒரே கணக்கு ஆகாது. நாளைக்கு 4 மூட்டை ஓடி, சொன்ன சரக்கு வர 3 நாள் ஆனால் 12 மூட்டை. மழைக்கும் தாமதத்துக்கும் 8. இருப்பு 20க்கு இறங்கிய அன்றே அடுத்ததைச் சொல்லிடுங்க. மூன்று மாதம் தாண்டினால் சிமெண்டு பலம் குறையும். பலகை மேல், சுவரில் படாமல், பத்து மூட்டை உயரத்துக்கு மிகாமல் அடுக்கி, பழசை முதலில் எடுங்க.

காவி நனையாமல் இருந்தால் கெடாது, முடங்கும் பணமும் கொஞ்சம்தான். ஒரு ஆர்டருக்கு முழுக்க ஒரே பேட்ச் எண்ணில் வாங்கிடுங்க. கைப்பிடி அளவு கூடாது, தராசில் நிறுத்துக் கலக்கணும். சிமெண்டு கம்பெனி மாறினாலும் நிறம் மாறும், அதையும் நடுவில் மாத்தாதீங்க.

பதில் 2: உங்களை இழுத்துப் பிடிப்பது சிமெண்டு இல்லை, கல்லை வார்க்கிற கண்ணாடித் தகடு. 1,500 சதுர அடிக்கு 2,160 கல். உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 2,268. கண்ணாடியோடு ஒரு நாள் காய வைத்து, ஆறு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைப்பது என்றால் கண்ணாடி ஏழு நாள் கழித்துத்தான் கைக்கு வரும். 900 கண்ணாடி இருந்தால் நாளைக்கு 128 கல்தான் முடியும்: போட மட்டும் 18 நாள், கடைசிக் கல் ஊற இன்னும் ஒரு வாரம். ஆள் கூட்டினாலும் இது நகராது. நாளைக்கு 200 வேணும்னா 1,400 கண்ணாடி, அதுக்கேத்த தொட்டி.

கேட்டவர்: தொட்டியில் மூணு நாளோடு எடுத்தால்?

பதில் 2: வேண்டாங்க. சரியா ஊறாத கல் ஓரம் உதிரும், முகத்தில் மயிரிழை வெடிப்பு விழும். கண்ணாடி வாங்குவது மலிவு.

பதில் 3: முக்கால் அங்குலக் கனத்தில் கல் ஒன்று இரண்டரை கிலோ வரும்; மொத்தம் ஐந்தரை டன்னைத் தாண்டும், லாரியை அதுக்கேத்த மாதிரி பேசுங்க. படுக்கப் போடாமல் செங்குத்தாக, முகத்தோடு முகம், அடியில் வைக்கோல். முன்பணம் காவி, சிமெண்டுச் செலவையாவது அடைக்கணும். உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) இருந்தால், வாங்குவது பில்டர் கம்பெனி என்றால் பணம் தரும் தவணையை எழுத்தில் போட்டுக்குங்க: 2006 சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் போக முடியாது, எழுதாவிட்டால் 15 நாள். தாண்டினால் வட்டியோடு கேட்கலாம்.